எபேசியர் படிப்புக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

புதிய ஏற்பாட்டில் பவுலின் கடிதங்களில் ஒன்றான எபேசியர் நிருபத்தைப் பற்றித் திருகோணமலையில் ஆறு ஞாயிறு பின்னேரங்களாக நடந்த படிப்பு நிறைவு பெற்றிருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கிருபைக்குச் சொல் ‘காரிஸ்’. நன்றி செலுத்துதலுக்கு ‘எவ்காரிஸ்தியா’. முன்னதிலிருந்து பிறந்ததே பின்னது. கத்தோலிக்கர் நற்கருணை என்பதன் ஆங்கிலப் பெயரான ‘யூக்கரிஸ்ட்’டுக்கும் அந்தச் சொல்தான் வேர். ஆகவே கிருபையைப் படித்துவிட்டு நன்றி சொல்லாமல் எழும்பிப் போக எங்களால் இயலாது. மூதூரிலும் நிலாவெளியிலும் இதே படிப்பை நடத்த நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, யார் என்ன செய்தார்கள், அது ஏன் உதவியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் போட்டோக்கொப்பிக் கடைத் தம்பிக்கு. நிருபத்தின் 155 வசனங்களையும் வசன எண் இல்லாமல், தலைப்பு இல்லாமல், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும், வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் வெறுமையாக விட்டு அச்சடித்துத் தந்தார். ஆளுக்குப் பன்னிரண்டு தாள், 45 பிரதிகள். எண்களை ஏன் எடுத்தோம் என்று பலர் கேட்டார்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. வசன எண் 1551இல் அச்சான கிரேக்கப் பதிப்பில் வந்தது. பவுல் எழுதியது கடிதம். எண் போட்டதும் நாம் அதிலிருந்து வசனம் பொறுக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அந்தக் கடிதத்தை முதல் நாளன்று ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் வாசித்த ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மாவுக்கு நன்றி. அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. வாசிக்கும்போது எவரும் தாளைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே.

வண்ணப் பென்சில்களைத் தந்த குடும்பத்துக்கும் நன்றி. தேவன் செய்தது எதுவோ அதற்குச் சிவப்பு, நாம் செய்யும்படி சொல்லப்படுவதற்கு நீலம், ஜெபங்களுக்கு நிறமில்லை. முதல் மூன்று அதிகாரங்களில் ஏறக்குறைய நீலமே விழாது. கிரேக்க மூலத்தில் அங்கே கட்டளையாக வரும் வினை ஒன்றே ஒன்று, இரண்டாம் அதிகாரத்தின் ‘நினைத்துக்கொள்ளுங்கள்’. செய் என்றல்ல, நினை என்று! நான்காம் அதிகாரம் ‘ஆதலால்’ என்று தொடங்கிய பின்தான் நீலம் மளமளவென்று ஏறுகிறது. நம் கூட்டங்களில் பிழை நேரும் இடமும் இதுதான். ஐந்தாம் அதிகாரத்துக் கணவன் மனைவியிலோ ஆறாம் அதிகாரத்துச் சர்வாயுதவர்க்கத்திலோ தொடங்கிவிடுகிறோம். சிவப்பு இல்லாமல் நீலம் மட்டும் கிடைத்த மனுஷர் ஆறு மாதம் ஓடிப் பார்த்துவிட்டுக் களைத்துப்போவார்கள். பிறகு தங்களில் விசுவாசம் இல்லை என்று முடிவுகட்டுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரட்சிப்பு ‘கிரியைகளினால் உண்டானதல்ல’ என்ற இரண்டாம் அதிகாரத்து இடத்தில் நிறுத்தினால், அப்படியானால் எப்படியும் நடக்கலாமா என்ற கேள்வி வரும். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும்: நற்கிரியைகளால் அல்ல, நற்கிரியைகளுக்காக.

ஒரே மேசையில் உட்கார்ந்த கத்தோலிக்கச் சுவாமிக்கும் போதகர் ஐயாவுக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். கிருபை–அருள், விசுவாசம்–நம்பிக்கை, இரட்சிப்பு–மீட்பு என்று இரு சபையாரின் சொற்களையும் பெரிய கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். அது இல்லாதிருந்தால் பாதி நேரம் சொல்லுக்குச் சொல் விளக்கத்திலேயே போயிருக்கும். கிருபை விஷயத்தில் நம் சபைகள் முற்றாகப் பிரிந்து நிற்கின்றன என்ற எண்ணத்தையும் அவர்கள் திருத்தினார்கள். 1999 ஒக்ரோபர் 31இல் ஆக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும், நாம் கிருபையினாலேயே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்ற கூட்டு அறிக்கையில் ஒப்பமிட்டன. 2006இல் மெதடிஸ்த உலக மன்றமும் அதில் இணைந்தது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை; ஆனாலும் அத்திவாரம் ஒன்று.

மூன்றாம் வாரத்தின் ‘நான் யார்?’ பயிற்சியை எங்களுக்குத் திருத்தித் தந்த உளவளத்துணை ஆலோசகர் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டும். வழக்கமான முறை இது: ஒரு தாளில் அந்தக் கேள்விக்கு ஏழு விடைகள் எழுதுவது, பிறகு இழக்கக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டுவது, என்ன மிஞ்சுகிறதென்று பார்ப்பது. உத்தியோகம், பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, வீடு, ஊர், சாதி, உடல்நலம். ‘நீங்கள் ஆற்றை (யாருடைய) மகன், எந்த ஊர், எந்தச் சபை’ என்று கேட்டுக் கேட்டே ஆளை அறியும் நமக்கு இந்தப் பயிற்சி அவசியமானதே. ஆனால் யுத்தமும் 2004ஆம் ஆண்டின் கடலும் உண்மையாகவே வெட்டிப்போட்ட மனுஷர் இருக்கும் ஊர் இது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் ‘தாய்’ என்று எழுதியிருப்பார். அதை வெட்டச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அக்கா மூன்று மாற்றங்கள் சொன்னார். வெட்டவேண்டாம், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். எழுதியதை எவரையும் உரத்து வாசிக்கச் சொல்லக்கூடாது. தாளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. உடனே முதலாம் அதிகாரத்தின் தொடக்கத்தை, கிரேக்கத்தில் ஒரே வாக்கியமாக ஓடும் 3 முதல் 14 வரையான பகுதியை, மெதுவாக வாசிக்கவேண்டும். தெரிந்துகொள்ளப்பட்டவர், புத்திரசுவிகாரம் பெற்றவர் (பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்), மீட்கப்பட்டவர், முத்திரை போடப்பட்டவர். அந்த நான்கையும் அவரவர் தம் கையால் எழுதிய ஏழுக்குக் கீழே எழுதுவார்கள். தாய் தாயாகவே இருப்பார். ஆனால் அவர் நிற்கும் நிலம் அதற்கும் கீழே, இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

‘கிறிஸ்துவுக்குள்’ என்பதில் வரும் ‘உள்’ளை விளக்க நாங்கள் தயாரித்த படமெல்லாம் தேவையில்லாமற் போனது, கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சியால். வள்ளத்துக்குள் இருப்பவர் நல்லாய் நீந்துவாரோ மாட்டாரோ, வள்ளம் கரைசேர்ந்தால் அவரும் கரைதானே என்றார். அடுத்த படிப்பிலும் இதையே சொல்லப்போகிறோம். மாலையில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணிக் கூட்டம் சரிவராது என்று சொல்லி, 3.30க்கு மாற்ற வைத்தவரும் அவர்தான்.

ஐந்தாம் வாரம் லூக்கா 15ஐ, வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய மகனின் உவமையை, துணைக்கு எடுத்தோம். இளைய மகன் வழியில் தயார்செய்த பேச்சின் கடைசி வரி, ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்பது. தகப்பனுக்கு முன்னால் வரும்போது அந்த வரி வருவதில்லை. அதற்கு முன்பே தகப்பன் வஸ்திரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். இரு பேச்சுகளையும் ஒப்பிட்டு அந்த விடுபட்ட வரியைக் கண்டுபிடித்த ஓ/எல் பிள்ளைகளுக்குப் பாராட்டும் நன்றியும்.

சிங்களம் பேசும் இரு குடும்பங்களுக்கு அருகிலிருந்து மொழிபெயர்த்த தம்பிக்கும் நன்றி. யூதரையும் மற்ற இனத்தாரையும் பிரித்து நின்ற ‘பிரிவினையாகிய சுவர்’ பற்றிய இரண்டாம் அதிகாரப் பகுதி வந்த அன்று அவர் வேலை இரட்டிப்பாகிவிட்டது. எருசலேம் ஆலயத்தில் அப்படியொரு தடுப்பு உண்மையாகவே நின்றது. அதைத் தாண்டும் அந்நியர் சாவைத் தானே தேடிக்கொள்வதாக எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கிடைத்தது.

கிண்ணியாப் பாலத்துக்கு அப்பாலிருந்து ஐந்து பேரை ஆறு வாரமும் நேரம் தவறாமல் ஏற்றியிறக்கிய ஓட்டோக்கார நானாவுக்கும், 38 பேருக்கு எட்டு லீற்றர் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, நீரிழிவுக்காரருக்காகச் சீனியை வேறாக வைத்த அம்மாமாருக்கும், கதிரை தந்த அயலவருக்கும் எங்கள் அன்பு.

ஏழு பிரதிகளும் பென்சில் பெட்டியும் சுவர்க் கடதாசியும் மிஞ்சியிருக்கின்றன. அடுத்து நடத்துவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தரத் தேவையில்லை.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
வேதபாடக் குழுவினர்,
திருகோணமலை