"சூனியக்காரிகளுக்குக் கல்லூரியா?": ஒரு நர்ஸின் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பேகன் மதத்தினர் தங்கள் குருமார்களுக்குப் பயிற்சிக் கல்லூரி நடத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "சூனியக்காரிகளுக்குக் கல்லூரியா?" என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். "நம்ம ஊர்ப் பூசாரி எந்தக் காலேஜுக்குப் போனார்?" என்ற கேள்வியோடு கட்டுரை முடிந்திருந்தது. இரண்டும் மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் கடிதம்.

என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பதினாறு வருடமாக விஸ்கான்சினில் ஹாஸ்பிஸ் நர்ஸாக இருக்கிறேன். இனி வைத்தியத்தால் பயனில்லை என்று ஆனவர்களைக் கடைசி மூச்சு வரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம் அது. இந்த விஷயத்தை நான் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பெயர். பேகன் என்றதும் நமக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான் நினைவுக்கு வருவார். இது வேறு. லத்தீனில் 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்து ஆள். கிறிஸ்தவம் பரவிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாமல் கும்பிட்டவர்களைக் குறிக்கும் வசைச்சொல்லாக அது மாறிவிட்டது. நம் ஊரில் பாதிரிமார் 'அஞ்ஞானி' என்றார்களே, அதே வசைதான். இன்றைய பேகன்கள் அந்தச் சொல்லையே பெருமையாகச் சூட்டிக்கொண்டவர்கள். இவர்களில் பெரிய பிரிவு விக்கா. இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகு ஜெரால்டு கார்ட்னர் என்பவர் வெளிப்படையாகப் பரப்பியது. நிலா, பருவங்கள், நான்கு திசைகள், அம்மனும் அப்பனுமாக இரு தெய்வங்கள். இதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன், குளிர்காலத்தில், ஒரு அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். கணையத்தில் புற்றுநோய். படிவத்தில் மதம் என்ற இடத்தில் 'விக்கா' என்று எழுதியிருந்தார். எங்கள் சாப்ளெய்ன் நல்ல மனிதர். நோயாளிகளின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்க ஆஸ்பத்திரியே வைத்திருக்கும் குரு அவர். ஆனால் லூத்தரன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். "எனக்கு இவர்கள் முறை தெரியாது, வெளியிலிருந்து யாரையாவது அழைக்கலாம்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

முதலில் வந்தவர் தன்னைப் பூசகர் என்றே சொல்லிக்கொண்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தன் முற்பிறவிகளைப் பற்றிப் பேசினார். அப்புறம், "இந்த நோய் உங்கள் பயத்திலிருந்துதான் வந்திருக்கிறது" என்றார். நான் மார்ஃபின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்ததை இன்றும் மறக்க முடியவில்லை. வந்தவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. சாகப்போகிறவரிடம் எதைப் பேசக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து வேறொரு பெண்மணி வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு இன்றைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அறையில் ஆக்ஸிஜன் ஓடுவதைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்பே மெழுகுவர்த்தியைப் பைக்குள் போட்டுவிட்டு பேட்டரி விளக்கை எடுத்து வைத்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு, இன்னொன்றில் தண்ணீர். நான்கு திசைகளையும் மெல்லிய குரலில் அழைத்தார். நோயாளியின் மகள் தீவிர கிறிஸ்தவர். உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இந்தப் பெண்மணி எழுந்து போய், "அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உங்கள் ஜெபத்தைச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். மகள் வந்தார். அந்த அம்மா அன்று ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு ஊசி கேட்காமல் தூங்கினார்.

இரண்டு பேருக்கும் ஒரே மதம், ஒரே நம்பிக்கைதான். என்ன வித்தியாசம் என்று பிறகு காபி குடிக்கும்போது அந்தப் பெண்மணியிடமே கேட்டேன். ஒரு ஆஸ்பத்திரியில் சி.பி.இ. முடித்ததாகச் சொன்னார். நோயாளிகளோடு பழகி, மேற்பார்வையாளரின் கீழ் ஆன்மிகப் பணியைக் கற்கும் பயிற்சி அது. 1925-ல் மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற பாதிரியார் தொடங்கியது. ஒரு யூனிட் என்றால் 400 மணி நேரம். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும், நடந்த பேச்சை ஞாபகத்திலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். அதைக் குழுவில் வைத்து அலசுவார்கள். "அவர் சாவைப் பற்றிப் பேச வந்தபோது நீ ஏன் பேச்சை வானிலைக்கு மாற்றினாய்?" என்று கேட்பார்களாம். முதல் மாதம் அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்.

நீங்கள் கேலி செய்த கல்லூரிகளுக்குத் தேவை இங்கேதான் வருகிறது. இந்த நாட்டில் சான்று பெற்ற ஆஸ்பத்திரி சாப்ளெய்னாக வேண்டுமானால் பொதுவாக முதுகலைப் படிப்பும் நான்கு யூனிட் சி.பி.இ.-யும் கேட்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் செமினரிகள், அதாவது குருமார் பயிற்சிக் கல்லூரிகள், இருக்கின்றன. பேகன்களுக்கு என்ன இருக்கிறது? 1990-களின் கடைசியில் வெர்மான்ட்டில் செர்ரி ஹில் செமினரி தொடங்கியது. இப்போது தென் கரோலினாவிலிருந்து, பெரும்பாலும் இணையவழியில் நடக்கிறது. அதன் முதல் முதுகலை இறையியல் பட்டம் 2012-ல்தான் வழங்கப்பட்டது. அங்கீகாரம் வாங்க நூலகம், முழுநேர ஆசிரியர்கள், கையிருப்புப் பணம் எல்லாம் வேண்டும். சொந்தக் கட்டடம்கூட இல்லாத சிறு குழுக்களாகச் சிதறிக் கிடக்கும் ஒரு மதத்துக்கு அது மலையைத் தூக்குகிற வேலை. அதனால் சிலர் ஸ்டார் கிங் போன்ற, எல்லா நம்பிக்கையினரையும் சேர்த்துக்கொள்ளும் யூனிட்டேரியன் சபைப் பள்ளிகளில் சேர்ந்து படிக்கிறார்கள்.

படித்த குரு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். நெவாடாவைச் சேர்ந்த விக்கா மதத்துச் சார்ஜென்ட் ஒருவர் 2005-ல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். அவருடைய நினைவுக் கல்லில் விக்காவின் சின்னமான ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அரசு சம்மதிக்கவில்லை. அவர் மனைவியும், எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் சர்க்கிள் சாங்சுவரி அமைப்பும், இன்னும் சிலரும் போராடி, வழக்கும் போட்ட பிறகு, 2007 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. விக்கா ஒரு மதம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் இருபது வருடம்! அலுவலகங்களில் ஏறி இறங்கவும், அவர்களுடைய மொழியிலேயே மனு எழுதவும், சிறைக்குள் போய் கைதிகளைப் பார்க்கவும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

பேகன்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. விக்காவில் தீட்சை பெற்ற ஒவ்வொருவரும் பூசகர்தான். பட்டம் வாங்கிய குருமார் என்று ஒரு கூட்டம் தலைக்கு மேல் உட்கார்ந்துவிட்டால், எதை வேண்டாம் என்று விட்டு வந்தார்களோ அதுவே திரும்பி வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம் ஐசக் பானவிட்ஸ். 1983-ல் ஆர் ந்ரியோக்ட் ஃபேன் என்ற ட்ரூயிட் (பழைய கெல்டியப் பூசாரிகளின் வழியைப் பின்பற்றும் பேகன் பிரிவு) அமைப்பைத் தொடங்கியவர். பேகன் குருமாருக்கு ஒழுங்கான, நீண்ட பயிற்சி வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். என் மனம் பானவிட்ஸ் பக்கம்தான். ஆனால் பயந்தவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வீட்டில், தோப்பில், நண்பர்களோடு கும்பிடுவதற்குப் பட்டம் எதற்கு? அடுத்தவரின் சாவுப் படுக்கைக்கும் சிறைக்கும் போகிறவர்களுக்கு மட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் போதும்.

அந்தப் பாடத்திட்டத்தையும் புராணத்திலிருந்தும் தத்துவத்திலிருந்தும் தொடங்க வேண்டாம், கட்டில் பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் ஆசை. கணினித் திரையைப் பார்த்துத் தெய்வங்களின் வரலாற்றைப் படித்துவிடலாம். மௌனமாக உட்கார்ந்திருக்க அப்படிக் கற்க முடியாது. முதல் ஆண்டிலேயே ஆஸ்பத்திரியிலோ ஹாஸ்பிஸிலோ ஒரு யூனிட் முடிக்க வைக்க வேண்டும். அந்த மாதங்களில் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். செமினரிகளுக்கு நன்கொடை தருகிறவர்கள் பட்டமளிப்புக்குக் கொடுப்பதற்கு முன் இதற்குக் கொடுக்கட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்ம ஊர்ப் பூசாரி எந்தக் காலேஜுக்குப் போனார்? என் தாத்தா சுடலைமாடன் கோயில் பூசாரி. பள்ளிக்கூடமே மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் படிக்கவில்லை என்று யார் சொன்னது? எட்டு வயதிலிருந்து அவருடைய அப்பாவின் பின்னால் நடந்தவர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை செத்தது, எந்த அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யாருக்கு முதலில் திருநீறு கொடுத்தால் யார் மனம் நோகும், எல்லாம் அவருக்குத் தெரியும். துஷ்டி வீட்டுக்குப் போனால் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தப்பாக ஏதாவது சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்துவிடுவார்கள். முப்பது வருடம் ஊரே அவருக்குப் பாடம் எடுத்தது.

இங்கே இருக்கும் பேகன்களில் பெரும்பாலோர் வேறு மதத்தில் பிறந்து, தாங்களாகத் தேடி வந்தவர்கள். அப்பாவின் பின்னால் நடந்து பழகக் கோயில் இல்லை, தப்பைக் கண்டிக்க ஊரும் இல்லை. அதைத்தான் அவர்கள் செமினரி என்ற பெயரில் கட்டப் பார்க்கிறார்கள்.

அடுத்த முறை இவர்களைப் பற்றி எழுதும்போது 'சூனியக்காரி' என்ற சொல்லை விட்டுவிட்டு 'விக்கா மதத்தினர்' என்று போடுங்கள். அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, உப்புக் கிண்ணத்தை அவருடைய மகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விஸ்கான்சின், அமெரிக்கா