பாடக்குறிப்பு அனுப்பியவர்களுக்கு, வந்தாறுமூலையிலிருந்து

ஜேர்மனியிலும் தென்னாபிரிக்காவிலும் என்னைப் போல ஆய்வெழுத்துக் கற்பிக்கும் அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன கிழமை மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டை பைண்ட் பண்ணிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மட்டக்களப்புத் தயிர்ச் சட்டிகள் பற்றிய ஆய்வு. முதலில் அவள் தந்த வரைவு “உலகில் மனிதன் தோன்றிய காலம் முதல் பால்…” என்று தொடங்கியது. இப்போது இதுவரை மற்றவர்கள் எழுதியது என்ன, எழுதாமல் விட்டது என்ன, தான் எதைப் பார்க்கப் போகிறாள் என்பதை மூன்றே பந்தியில் சொல்லிவிட்டாள். அந்த மூன்று பந்தியிலும் உங்கள் கை இருக்கிறது.

ஆய்வு முன்னுரையை இப்படி மூன்று நகர்வாகப் பிரித்துக் காட்டியவர் மொழியியல் அறிஞர் ஜோன் ஸ்வேல்ஸ். 1990இல் அவர் தந்த விளக்கத்தைப் பல வருடம் அப்படியே பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பாடமாக்கினார்கள், எழுத்து மட்டும் மாறவில்லை.

அப்புறம்தான் நம் சூம் சந்திப்புகள் தொடங்கின. ஜேர்மனியில் பகல் இரண்டரை, தென்னாபிரிக்காவில் மூன்றரை, எங்களுக்கு இரவு ஏழு. தென்னாபிரிக்க அக்கா, நீங்கள் சரிவராமல் போன ஒரு பாடத்தைத்தான் முதலில் அனுப்பினீர்கள். அச்சான முன்னுரைகளைத் துண்டு துண்டாக வெட்டி, மாணவர்களை வரிசைப்படுத்தச் சொன்னதாகவும், கட்டுரைகள் அவர்களுக்குப் பரிச்சயமில்லாததால் வகுப்பே முழித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நானும் அதே பிழையைத்தான் விட்டிருப்பேன். வாவி இறால், வயல் உவர் பற்றிய கட்டுரைகளை எடுத்தேன். துண்டுகள் பறக்காதிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, நிலத்தில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க அடுக்கினோம். “ஆனால்” என்று தொடங்கும் துண்டை எங்கே வைப்பது என்று ஒரு குழு இருபது நிமிடம் சண்டை பிடித்தது. பல வருடமாக நான் பலகையில் தேடியது அந்தச் சண்டையைத்தான்.

ஜேர்மனி ஆசிரியைக்குத் தனியாக ஒரு நன்றி. உங்கள் மாணவரின் கட்டுரை ஒன்றை, அவரிடம் கேட்டு, பெயரை மறைத்துக் காட்டினீர்கள். ஓரத்தில் ஒரு திருத்தமும் இல்லை. பென்சிலால் மூன்று கேள்விகள் மட்டும். “இதை யார் மறுப்பார்கள்?” என்பது அதில் ஒன்று. அடுத்த நாளே சிவப்புப் பேனையை லாச்சிக்குள் போட்டேன்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கற்பித்த பேராசிரியர் சுரேஷ் கனகராஜா, கடதாசியும் தபாலும் இல்லாத இடத்திலிருந்து வெளிநாட்டு ஆய்விதழுக்கு எழுதுவது என்ன பாடு என்று பிறகு விரிவாக எழுதினார். கெட்டித்தனம் இருந்தும் வசதியில்லாமல் வெளியே நின்றவர்களின் கதை அது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் போனபோது அது எனக்கு இன்னும் நெருக்கமாகப் புரிந்தது. அந்த மாதங்களில் நான் சந்திப்புக்கு வர முடியாதபோதெல்லாம் ஒலிப்பதிவைச் சிறு துண்டுகளாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். டேட்டா குறைவாகப் போகும் என்று நான் கேட்காமலே யோசித்திருக்கிறீர்கள்.

எங்களிடமிருந்தும் நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். தமிழில் வாய்விட்டு வாதாடிவிட்டு ஆங்கிலத்தில் எழுத விடும் எங்கள் பழக்கத்தை, ஜேர்மனியில் துருக்கி மொழி பேசும் உங்கள் பிள்ளைகளிடம் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினீர்கள். அதைச் சக ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

செங்கலடியில் அத்தனை துண்டையும் கடனுக்குப் போட்டோ கொப்பி அடித்துத் தந்த கடை அண்ணாவுக்கும், இரவு ஏழு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போன என் வீட்டாருக்கும் நன்றி.

தயிர்ச் சட்டி மாணவி தன் நன்றிப் பக்கத்தில் “பென்சிலால் கேள்வி கேட்கும் ஜேர்மனி ஆசிரியைக்கு” என்று எழுதியிருக்கிறாள். பெயரைக் கேட்டாள், எழுத்துக்கூட்டிக் கொடுத்திருக்கிறேன். நூலகத்துக்குப் போகும் பிரதியில் அது வரும்.