பாறையேற்றச் சான்றிதழ் வழங்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சிக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் பாறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. அடிபட்டவர் மேலே தொங்க, பிலே கொடுத்தவர், அதாவது ஏறுபவர் விழுந்தால் தாங்கக் கீழே கயிற்றைக் கையாள்பவர், கயிற்றைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாரே, அதைப் பற்றித்தான் இந்த மடல். அவரிடம் உங்கள் சான்றிதழ் இருந்தது. தொங்குபவரின் பாரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, உதவிக்குப் போகக் கயிற்றிலிருந்து விடுபடத்தான் தெரியவில்லை.

“இறக்கிவிட வேண்டியதுதானே” என்கிறீர்கள். 60 மீட்டர் கயிறு; ஏறியவர் 35 மீட்டரில் இருக்கிறார். மிச்சம் 25. அத்தனையும் விட்டாலும் தரைக்குப் பத்து மீட்டர் மேலே நின்றுவிடுவார். நுனியில் முடிச்சு இல்லையென்றால் கயிறு பிலே கருவியை (கயிறு ஓடாமல் இறுக்க, பிலே கொடுப்பவர் இடுப்பில் மாட்டியிருப்பது) விட்டே ஓடிவிடும். அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. நினைவிழந்து ஹார்னஸில் (இடுப்பு, தொடைப் பட்டையில்) அசையாமல் தொங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. 108-ஐ அழைத்தால் வண்டி சாலை வரைதான் வரும்.

இத்தனைக்கும் விடுபடுவது பெரிய வித்தையில்லை. கயிறு ஓடாமல் பிடித்திருக்கும் பிரேக் கையை விடாமல், கயிற்றை மடித்துக் கேரபினர் (கொக்கி வளையம்) வழியே இழுத்து, பாரத்தோடேயே அவிழ்க்கக்கூடிய மியூல் முடிச்சு. அதற்குக் காவலாக ஒரு சாதா முடிச்சு. இப்போது இரண்டு கையும் சும்மா. பாரம் தாங்கும் கயிற்றில் 6 மி.மீ. கயிற்றால் மூன்று சுற்றுப் பிரூசிக் (இழுத்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) போட்டு, அதை ஆங்கரில் (பாறையில் அமைத்த பிடிமானத்தில்) மன்டர்-மியூலாக, அதாவது பாரத்தோடேயே மெல்ல அவிழ்த்து விடக்கூடிய முடிச்சாக, கட்ட வேண்டும். பிறகு கருவியின் முடிச்சை அவிழ்த்து, மெல்லக் கயிறு விட்டால் பாரம் ஆங்கருக்கு மாறும். ஏறும் கயிற்றையும் தனியே ஆங்கரில் கட்டிய பிறகே கருவியைக் கழற்றலாம்.

சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். மன்டர்-மியூலுக்குப் பதில் எட்டு முடிச்சு போட்டால், பாரம் ஏறியபின் அவிழாது. கத்திதான் எடுக்க வேண்டும். இரண்டே சுற்றுப் பிரூசிக் வழுக்கக்கூடும். டைனீமா ஸ்லிங் (வழுவழுப்பான செயற்கை இழைப் பட்டை வளையம்) இன்னும் வழுக்கும், உராய்ந்தால் நைலானுக்கு முன்பே உருகும். லீட் ஏறுபவர் (கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் முதலில் ஏறுபவர்) விழும்போது கீழே இருப்பவரை இழுப்பது மேல்நோக்கி. கீழ்நோக்கிய இழுவைக்கு ஆங்கராக வைத்த நட் (பாறை வெடிப்பில் செருகும் உலோகத் துண்டு) பிடுங்கிக்கொண்டு வரும். தானே இறுகும் பிலே கருவியான கிரிகிரி இருக்கிறதே என்பவர்களுக்கு: அது கயிற்றைப் பிடிக்கும், பிலே கொடுப்பவரை விடுவிக்காது.

எங்கள் கோரிக்கை ஒன்றே. பிலேயிலிருந்து விடுபடுவதைத் தேர்வில் கட்டாயமாக்குங்கள். தரையில், தளர்ந்த கயிற்றில் அல்ல. ஒரு ஆள் எடை தொங்கும் கயிற்றில். செய்து காட்டாதவருக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

நேரமில்லை என்கிறீர்கள். கேம்ப்ஃபயருக்கு ஒரு மாலை முழுதும் இருக்கிறது, ட்ரோன் படத்துக்கு அரை நாள் கிடைக்கிறது, டி-ஷர்ட் அளவு கேட்டு மூன்று முறை செய்தி வருகிறது. அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமையே கர்நாடகத்தின் ராமநகரத்துக்கும் பாதாமிக்கும் பாறையேறக் கிளம்புகிறார்கள். அங்கே ட்ரோன் வந்து முடிச்சுப் போடுமா?

கடுமையாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடுபடும் பயிற்சியை அடுத்த அணி தொடங்குமுன் தேர்வில் சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். கயிறும் தொங்க ஆளும் தேவையென்றால் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
பாறையேறிகள் சிலர்