கானா, ஐவரி கோஸ்ட், அந்தப் பந்தயம்

டேய் முரளி,

எப்படிடா இருக்க, உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு அலைஞ்சதுல உடனே எழுத முடியல, இப்ப நல்லா இருக்காங்க, பேப்பரே கண்ணாடி இல்லாம படிக்குறாங்கடா.

மேற்கு ஆப்பிரிக்கால கானாவோட முதல் தலைவர் நுக்ருமாவ 1966ல ராணுவம் கவுக்காம இருந்திருந்தா அந்த நாடு இன்னைக்கு மலேசியா மாதிரி ஆயிருக்கும்னு எழுதியிருந்தல்ல, அதுவே மனசுல ஓடிட்டு இருக்கு. 1957ல அவரும் பக்கத்து ஐவரி கோஸ்ட்டோட ஊஃபுவே புவாஞியும் போட்ட பந்தயம் ஞாபகம் இருக்கா, பத்து வருஷம் கழிச்சு யார் நாடு நல்லா இருக்குன்னு பாப்போம்னு. எல்லாரும் அந்த ரெண்டு தலைவர வச்சே பேசுறாங்க. எனக்கு என்னமோ பாதை பிரிஞ்ச இடம் 1969 நவம்பர்னு தான் தோணுது.

அப்போ கானா பிரதமர் புசியா. பெர்மிட் இல்லாத வெளிநாட்டுக்காரங்க ரெண்டு வாரத்துல பேப்பர் வாங்கணும், இல்லன்னா நாட்ட விட்டுக் கிளம்பணும்னு ஆர்டர் போட்டாரு. போனதுல நிறைய பேரு கோகோ தோட்டத்துல வேலை செஞ்சவங்கடா. கோகோ வேலைய யோசிச்சுப் பாரு, காய ஒவ்வொண்ணா வெட்டி உடைச்சு, கொட்டைய வாழை இலை போட்டு மூடி ஆறேழு நாள் புளிக்க வச்சு, அப்புறம் பாய்ல பரப்பி கையாலயே கிளறிக் கிளறிக் காய வைக்கணும், மழை வந்தா ஓடிப்போய் மூடணும். ஆள் இல்லன்னா முடிஞ்சுது கதை. அந்தப் பக்கம் ஊஃபுவே, நிலத்துல உழைச்சவனுக்கே நிலம்னு சொல்லி அப்பர் வோல்ட்டா (இப்ப புர்கினா ஃபாசோ), மாலி ஆளுங்கள வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. 70கள் முடியுறதுக்குள்ள கோகோல ஐவரி கோஸ்ட் முந்திடுச்சு. கானால 60கள் நடுவுல 5 லட்சம் டன்னுக்கு மேல விளைஞ்சது, 1983-84ல ஒன்றரை லட்சம் சொச்சம் தான். கோகோ வாங்குற அரசாங்க போர்டு குடுத்த அடிமாட்டு விலையும், 83 காட்டுத்தீயும் சேர்ந்துதான் இப்படி ஆச்சு, ஒத்துக்கிறேன், மூட்டை மூட்டையா பார்டர் தாண்டி கடத்துனாங்க.

அந்த ஆர்டர் மட்டும் வரலன்னு வச்சுக்கோ. தோட்டம் பாழாகாது, பொழப்பு தேடி அத்தனை கானாக்காரங்க நைஜீரியா போயிருக்க மாட்டாங்க, 1983ல அங்கேர்ந்து லட்சக்கணக்குல அவங்களையே துரத்துனப்போ அந்தக் கட்டம் போட்ட பையத் தூக்கிட்டு ரோட்டுல நின்னிருக்க மாட்டாங்க. அந்த போட்டோவ நெனச்சா இப்பவும் வயித்தப் பெசையுது.

இன்னொண்ணு, கானால வேலை செய்யாம ஐவரி கோஸ்ட்டுக்கு அவ்ளோ பேரு போயிருக்கலன்னா, ஊஃபுவே 1993ல செத்த பின்னாடி 'நீ அசல் இந்த ஊர்க்காரனா'ன்னு கெளம்புன அரசியலும், 2002ல அங்க வந்த உள்நாட்டுச் சண்டையும் அந்த அளவுக்கு வந்திருக்குமா? எனக்கு வந்திருக்காதுன்னு தோணுது. அங்க உழைச்சவனோட பேரப்புள்ளைங்கள தான் வெளியாள்னு சொன்னாங்க.

நுக்ருமா கட்டுன அகோசோம்போ அணை பத்தி நீ கேட்டதுக்கு அடுத்த லெட்டர்ல எழுதுறேன், அது பெரிய கதை. பொங்கலுக்கு ஊருக்கு வர்றதானே? முன்னாடியே சொல்லு, ரெண்டு நாள் லீவு போட்டுடுறேன்.

அன்புடன்,
செல்வம்