எங்கள் நான்கு கிரெடிட்டில் எத்தனை மணி நேரம்?

பாடத்திட்டக் குழுவின் பெரியவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வந்து வேதியியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி நான். மதிப்பெண் பட்டியலில் ஒரு பேப்பருக்கு நேராக, அந்தப் பாடத்தின் எடையைச் சொல்லும் கிரெடிட் ‘4’ என்று அச்சாகியிருக்கிறது. எதை அளந்து போட்ட நான்கு அது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்குப்படி வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் பாடம் நடந்தால் ஒரு கிரெடிட். சுமார் 15 மணி நேரம். நான்குக்கு 60. பிராக்டிகல் என்றால் இரண்டு மணி நேரம் நின்றால்தான் ஒரு மணியாக எண்ணுவார்கள். சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் பியூரெட் குழாயைப் பிடித்தபடி நிறம் மாறும் அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருப்பது பாதி உழைப்பாம்! வீட்டுக்குப் போய் ராத்திரி பதினொரு மணி வரை எழுதும் ரெக்கார்டு நோட்டு அதிலும் சேராது. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு இதில் பரவாயில்லை. வகுப்பு, பிராக்டிகல், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி, 40 கிரெடிட் என்கிறது.

(இந்த மணிக்கணக்கு பரவிய கதை வேடிக்கையானது. 1906 வாக்கில் அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க முன்வந்தது. எந்தக் கல்லூரிக்குத் தகுதி உண்டு என்று பார்க்க மணியை எண்ணத் தொடங்கினார்கள்.)

எங்கள் பக்கத்துப் பிரச்சினை மழை. ஒற்றைப்படை செமஸ்டர் வடகிழக்குப் பருவமழையோடுதான் ஓடுகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. பின்னாலேயே கடலூரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. விடுமுறை விட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த செமஸ்டரில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணிவந்தேன். ஒரு பேப்பருக்கு 41 மணி நேரம்தான் வகுப்பு நடந்தது. மிச்சத்துக்கு நாலு தாளில் அசைன்மெண்ட். பட்டியலில் நான்கு நான்காகவே இருந்தது. நாளை நான் வேறு கல்லூரிக்கு மாறினால், மாணவர்களின் கிரெடிட்டைச் சேமித்து வைத்து மாற்றித் தரும் கிரெடிட் வங்கி வழியாக அந்த 41 மணி 60 என்றுதான் போய்ச் சேரும்.

கிரெடிட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்தால் எங்கள் தலையில்தான் விழும். செமஸ்டர் முடிவில் பேப்பர் வாரியாகத் திட்டமிட்ட மணி எத்தனை, நடந்த மணி எத்தனை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஈடு வகுப்பு எடுக்கும் சனிக்கிழமைகளை ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள். ரெக்கார்டு எழுதும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நோட்டின் அந்தக் கடைசிப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் பஸ்ஸில் வரும் மாணவி