கார் பூட்டவில்லை என்றால் அதைக் காரே சொல்ல வேண்டும்

சாவியைத் தொடாமலே பூட்டிக்கொள்ளும் கார்களைச் செய்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் வேலூர், இராணிப்பேட்டை வட்டார சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாம் விலகிப் போனாலே கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி விற்கப்பட்ட கார் ஒன்றைச் சத்துவாச்சாரியில் வைத்திருக்கிறேன். காட்பாடி ரயில் நிலையத்தில் உறவினரை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது ஒரு முறையும், கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் தரிசித்துவிட்டு வந்தபோது இரு முறையும் அது பூட்டாமலே நின்றிருந்தது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மூன்று முறையும் ‘கோளாறு ஏதுமில்லை’ என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதியது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை.

காரணம் என் மனைவியின் கைப்பையில் இருந்தது. பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்குவது அவர் வழக்கம். அதற்குள் இரண்டாவது சாவி கிடந்திருக்கிறது. கதவுகளிலும் காரின் உட்புறத்திலும் உள்ள ஆன்டெனாக்கள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான வலுக்குறைந்த அலையை அனுப்பிச் சாவியைத் தேடுகின்றன. அது எட்டும் தொலைவில் இருக்கும் சாவி 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் பதில் தருகிறது. உள்ளே ஒரு சாவி பதில் தந்துகொண்டிருக்கும்போது, அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்று கார் பூட்டாமல் இருந்துவிடுகிறது. பணிமனைக்கு நான் கொண்டுபோனதோ ஒரே சாவி. அங்கே கார் ஒழுங்காகப் பூட்டியதில் வியப்பென்ன?

அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. பூட்டினால் ‘பீப்’ என்று ஒரு முறை ஒலிக்கும் என் கார், பூட்டாதபோது எந்த ஒலியும் எழுப்புவதில்லை என்பதே என் குறை. ரயில் அறிவிப்புகளுக்கும் ஆட்டோ ஹாரன்களுக்கும் நடுவே, வராத ஒலியை யார் கவனிப்பார்கள்? சாவியில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் வலுவிழந்தாலும், சாவியும் செல்போனும் ஒரே பையில் உரசிக்கொண்டிருந்தாலும், டிக்கி சரியாகச் சாத்தப்படாவிட்டாலும், சில மாடல்களில் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தாலும்கூடத் தானியங்கிப் பூட்டு வேலை செய்யாமல் போகலாம். இத்தனை காரணங்களுக்கும் வெளியே தெரிவது அதே மௌனம்தான்.

ஆகவே, பூட்டாத நிலையில் வேறுவிதமான ஒலி ஒன்றை எழுப்பவும், உரிமையாளர் திரும்பி வந்ததும் ‘உள்ளே மற்றொரு சாவி’, ‘டிக்கி திறந்துள்ளது’ என்று காரணத்தைத் திரையில் காட்டவும் ஏற்பாடு செய்யுங்கள். அலை எட்டும் தூரத்தைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. சாவியின் அலையைக் கருவி வைத்து நீட்டித்துக் கார் திருடுகிறவர்கள் இருக்கும்போது அது வினையில் முடியும். சர்வீஸ் சென்டர்களில் இத்தகைய புகார் வந்தால் இரண்டு சாவிகளையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டின் பட்டன் செல்லையும் அளந்து, காரை வழக்கமாக எங்கே, எப்படி நிறுத்துகிறார் என்று உரிமையாளரிடம் கேட்ட பிறகே ஜாப் கார்டை முடிக்க வேண்டும். தானியங்கிப் பூட்டு எப்போதெல்லாம் பூட்டாது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு, கார் ஒப்படைக்கும் நாளிலேயே கொடுங்கள்.

அடுத்த சர்வீஸுக்கு நான் இரண்டு சாவிகளோடும் வருகிறேன், கைப்பையையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் வசிக்கும் கார் உரிமையாளர் ஒருவர்