நடைக்குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "காட்டுக்குள் நடக்கவும் காசு கட்ட வேண்டுமா?" என்று கேட்டார். அன்று நேரம் போதவில்லை. அந்தக் கடனை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

1954 அக்டோபரில் ஹேசல் புயல் ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. ரொறன்ரோவில் ஹம்பர் ஆற்றங்கரையிலிருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் வெள்ளத்தோடு போனார்கள். ஆறு பாயும் தாழ்நிலத்தில் வீடு கட்ட விடக்கூடாது என்பது அதன் பிறகே எல்லோருக்கும் உறைத்தது. ஆறுகளையும் அவற்றைச் சுற்றிய இயற்கை நிலங்களையும் காக்கும் பாதுகாப்பு அதிகாரசபைகள் அத்தகைய நிலங்களை வாங்கத் தொடங்கின. நம் டர்ஹாம் பகுதி அதிகாரசபை 1958இல் உருவானது. லிண்ட் ஷோர்ஸ், ஹீபர் டவுன், பர்ப்பிள் வூட்ஸ் ஆகிய இயற்கைப் பகுதிகள் எல்லாம் அதன் பராமரிப்பில்தான் இருக்கின்றன. நாம் கட்டும் தரிப்பிடக் கட்டணம் அந்தப் பராமரிப்புக்குத்தான். அது பெரிதாகத் தோன்றினால், நான்கு பேர் ஒரே காரில் வரலாம். ஆளுக்கொரு காரில் வந்து இறங்கிவிட்டுக் கட்டணத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெப்ரவரியில் விற்பியிலுள்ள லிண்ட் ஷோர்ஸுக்குப் போனோம். உள்ளங்கையில் கறுப்புச் சூரியகாந்தி விதை வைத்துக் கையை நீட்டினால் சிக்கடிக் குருவி வந்து விரலில் அமரும். பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான். பாரம் தெரியாது, குளிர்ந்த நகம் பதிவது மட்டும் தெரியும். ஒரு விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்விடும். நம்மில் ஒருவர் மிக்சரை நீட்டியதையும் இங்கே பதிவு செய்கிறேன். உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது. மிச்சத்தைப் பாதையில் கொட்டுவதும் தவறு. அடுத்த முறை விதைப் பையைச் சங்கமே கொண்டுவரும்.

மார்ச்சில் பர்ப்பிள் வூட்ஸில் மேப்பிள் மரத்தின் நீரைப் பாணியாகக் காய்ச்சுவதைப் பார்த்தோம். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் மரம் நீர் விடுமாம். 40 லீற்றர் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. பதநீர் காய்ச்சும் வீட்டில் வளர்ந்த அக்கா ஒருவர் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. பஸ் அரை மணி தாமதமாகப் புறப்பட்டது.

இந்த ஆண்டு உருப்படியாக நடந்த வேலை என்றால், மே மாதம் அனுமதி பெற்றுப் பூண்டுக் கடுகு பிடுங்கியதுதான். ஐரோப்பியக் குடியேறிகள் கறிக்கென்று கொண்டுவந்த செடி அது. கசக்கினால் பூண்டு மணக்கும். காட்டின் தரையை மூடி, டிரில்லியம் போன்ற வசந்தகாலப் பூக்களை முளைக்கவிடாமல் செய்துவிடும். விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரு தடவை பிடுங்கினால் போதாது. ஈர மண்ணில் அடித்தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தால் வேரோடு வரும். அவசரப்பட்டால் தண்டு கையோடு வந்துவிடும், வேர் மீண்டும் துளிர்க்கும். எனக்கு முதல் இருபது செடியும் அப்படித்தான் போயின. வறை வைக்கலாமா என்று கேட்டவருக்கு: உண்ணக்கூடியதுதான், ஆனால் கசக்கும். பிடுங்கியதை உரக்குவியலில் போடாமல் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்தோம்.

ஓகஸ்ட் ஒன்றுகூடலைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. எல்லோரும் போன பிறகு மூன்று பேர் மட்டும் தட்டுப் பொறுக்கினோம். அன்று புல்லுக்குள் பந்து தேடிய பிள்ளையின் காலில் உண்ணி ஒன்று இருந்ததை வீட்டில் கண்டு, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுத்தார்கள். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் வராமல் தப்பினோம். இனி நீண்ட காற்சட்டை, காலுறைக்குள் செருகியபடி.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செடி பிடுங்க வரும் மே மாதமும் அதே இடத்துக்குப் போகிறோம். கையுறை சங்கத்தில் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தலை அவரவர் கொண்டுவரவும்.

செயலாளர்